என்.பி.ஏ. ரேட்டிங் சரிகிறது... லீகுக்கு ஆபத்தா?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வை டி.வி.யில் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்ற செய்தி ஒவ்வொரு சீசனிலும் தவறாமல் வருகிறது. அதையொட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும் இங்கே. தொகைகள் எல்லாம் அமெரிக்க டாலரில்.

கேள்வி: கோப்பையை முடிவுசெய்யும் இறுதித் தொடரான ஃபைனல்ஸை 1998-இல் சராசரியாக 2.9 கோடிப் பேர் பார்த்தார்கள். 2025 ஃபைனல்ஸைப் பார்த்தவர்கள் 1.03 கோடிதான். மூன்றில் இரண்டு பங்கு போயே போய்விட்டது. இதைவிட என்ன ஆபத்து வேண்டும்?

பதில்: குறைந்திருப்பது உண்மை, மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் 1998-ஐ அளவுகோலாக வைத்தால் வேறு எந்த ஆண்டும் தேறாது. சிகாகோ புல்ஸ் அணிக்காக மைக்கேல் ஜோர்டன் ஆடிய கடைசித் தொடர் அது. அதன் ஆறாவது ஆட்டத்துக்கு மட்டும் சுமார் 3.59 கோடிப் பேர். ஜோர்டன் விலகினார். அடுத்த ஆண்டே ஸ்பர்ஸ் – நிக்ஸ் ஃபைனல்ஸுக்கு 1.6 கோடிப் பேர்தான் வந்தார்கள். ஒரே ஆண்டில் ஏறக்குறைய பாதி. அன்றைக்கு ஸ்ட்ரீமிங் இல்லை, யூடியூப் இல்லை, கையில் ஸ்மார்ட்போனும் இல்லை. இன்றைய சரிவுக்கு நாம் சொல்லும் காரணங்களில் பாதி அப்போது பிறக்கவேயில்லை.

2007-ஐ இன்னும் உன்னிப்பாகப் பார்க்கவேண்டும். ஸ்பர்ஸ் அணி கிளீவ்லாந்தை 4–0 என்று வீழ்த்திய அந்த ஃபைனல்ஸுக்கு சராசரியாக 93 லட்சம் பேர்தான். 2025-ஐவிடக் குறைவு. அதே ஜூன் மாதத்தில்தான் ஒளிபரப்பு நிறுவனங்களான டிஸ்னியும் டர்னரும் ஆண்டுக்கு சுமார் 93 கோடி டாலர் என்று எட்டு சீசனுக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தன. முந்தைய ஒப்பந்தத்தைவிட அதிகத் தொகை அது. அடுத்து 2014-இல் ஒன்பது சீசனுக்கு 2,400 கோடி. அதற்கடுத்து 2024 ஜூலையில் பதினோரு சீசனுக்கு சுமார் 7,600 கோடி. பார்வையாளர் எண்ணிக்கை ஏறி இறங்கித் தடுமாறிய இந்த இருபது ஆண்டுகளில் ஒப்பந்தத் தொகை ஒரு முறைகூட இறங்கவில்லை.

ஆகவே ‘ரேட்டிங் குறைந்தால் பணம் குறையும்’ என்ற நேர்க்கணக்கு என்.பி.ஏ. விஷயத்தில் இதுவரை பலித்ததில்லை. ரேட்டிங்குக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. அது எங்கே வலிக்கும் என்பதைக் கீழே வரும் பதில்களில் சொல்கிறோம்.

கேள்வி: பார்க்க ஆள் குறைந்தும் 7,600 கோடி கொடுக்கிறார்கள் என்றால், வாங்கியவர்களுக்குக் கணக்குத் தெரியாதா?

பதில்: நன்றாகவே தெரியும். அவர்கள் இன்றைய கூடைப்பந்தை 1998 கூடைப்பந்தோடு ஒப்பிடுவதில்லை, இன்று டி.வி.யில் ஓடும் மற்ற நிகழ்ச்சிகளோடு ஒப்பிடுகிறார்கள். 2023-இல் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த முதல் 100 ஒளிபரப்புகளில் 93, என்.எஃப்.எல். அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள். நாடகத்தொடரும் காமெடித் தொடரும் அந்தப் பட்டியலிலிருந்து துடைத்தெறியப்பட்டுவிட்டன. எல்லாம் பத்துப் படி இறங்கியபோது கூடைப்பந்து ஐந்து படி இறங்கினால், சந்தையில் அதன் இடம் உயரத்தான் செய்யும். நேரலை ஆட்டத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று யாரும் தள்ளிப்போடுவதில்லை, விளம்பரத்தை ஓட்டிவிடவும் முடியாது. விளம்பரதாரர் காசு கொடுப்பது அதற்குத்தான்.

அதோடு, வாங்கியவர்கள் மூவருக்கும் தேவை வேறுவேறு. டிஸ்னி ஆண்டுக்கு சுமார் 260 கோடி தருகிறது. அதன் ஈ.எஸ்.பி.என். விளையாட்டு சேனலுக்காக ஒவ்வொரு கேபிள் வீட்டிலிருந்தும் மாதம் ஒன்பது டாலருக்கு மேல் அதற்குக் கிடைக்கிறது. அந்த வீட்டில் யாரும் ஒரு ஆட்டம்கூடப் பார்க்காவிட்டாலும் கிடைக்கிறது. கேபிள் நிறுவனம் அந்த சேனலைக் கைவிடாமல் இருக்க முக்கியமான ஆட்டங்கள் வேண்டும். சுமார் 250 கோடி தரும் என்.பி.சி.க்கு, தன் பீகாக் ஸ்ட்ரீமிங் சேவைக்கு மாதாமாதம் பணம் கட்டும் சந்தாதாரர்கள் வேண்டும். சுமார் 180 கோடி தரும் அமேசானுக்கு, பிரைம் உறுப்பினர்கள் விலகாமல் இருந்தால் போதும். ஒரு ஆட்டத்தை எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்பது இந்த மூன்று கணக்கிலும் ஒரு வரிதான்.

1984 முதல் என்.பி.ஏ.வை ஒளிபரப்பிவந்த டர்னர் இந்தச் சுற்றில் வெளியேற நேர்ந்தது. அதன் தாய் நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி வழக்குப் போட்டு, 2024 நவம்பரில் சமரசம் ஆனது. மதிப்பில்லாத பண்டத்துக்காக யாரும் நீதிமன்றம் வரை போகமாட்டார்கள்.

கேள்வி: ஒரே ஆட்டத்துக்கு ஒரு செய்தியில் ஒரு எண், இன்னொரு செய்தியில் வேறு எண். எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம், அளந்தது வேறாக இருக்கும். நான்கு அளவுகளைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும்.

‘ரேட்டிங்’ என்பது டி.வி. உள்ள எல்லா வீடுகளிலும் எத்தனை சதவீதம் அந்த ஆட்டத்தைப் பார்த்தது என்பது. ‘ஷேர்’ என்பது அந்த நேரத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருந்த வீடுகளில் எத்தனை சதவீதம் என்பது. 1998 ஃபைனல்ஸின் ரேட்டிங் 18.7, ஷேர் 33. ஷேர் எப்போதும் ரேட்டிங்கைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். ஒன்றை எடுத்து மற்றொன்றோடு ஒப்பிட்டு ‘பாதியாகிவிட்டது’ என்று எழுதியவர்களும் உண்டு.

மூன்றாவது, ‘சராசரி நிமிடப் பார்வையாளர்கள்’. இன்று செய்திகளில் வரும் லட்சக்கணக்கு பெரும்பாலும் இதுதான். ஒரு ஒளிபரப்பு 150 நிமிடம் ஓடுகிறது என்று வையுங்கள். 10 லட்சம் பேர் வந்து, ஆளுக்கு 30 நிமிடம் மட்டும் பார்த்துவிட்டுப் போனால், சராசரி 2 லட்சம்தான். அதே 10 லட்சம் பேர் முழுதும் பார்த்தால் சராசரி 10 லட்சம். ஆக, இந்த எண் குறைவதற்கு ரசிகர்கள் விலகியிருக்க வேண்டிய அவசியமில்லை. பாதியில் எழுந்துபோனாலே போதும். இரண்டாம் பாதியில் 25 புள்ளி வித்தியாசம் விழுந்த ஆட்டங்கள் சராசரியைக் கீழே இழுப்பது இப்படித்தான்.

நான்காவது ‘ரீச்’: ஒரு சில நிமிடங்களாவது எட்டிப்பார்த்த எல்லோரையும் எண்ணுவது. மேலே சொன்ன இரண்டு நிலையிலும் ரீச் 10 லட்சம்தான். நிறுவனங்கள் பெருமையாக வெளியிடுவது பெரும்பாலும் ரீச் அல்லது ‘உச்சம்’. உச்சம் என்பது மிக அதிகம் பேர் பார்த்த கால்மணி நேரத்தில் கூடியிருந்த கூட்டம். 2025 ஃபைனல்ஸின் ஏழாவது ஆட்டத்துக்கு சராசரி சுமார் 1.64 கோடி, உச்சம் 1.93 கோடி. இரண்டு ஆட்டங்களை ஒப்பிடும்போது சராசரியைச் சராசரியோடும் உச்சத்தை உச்சத்தோடும் மட்டும் வையுங்கள்.

அளக்கும் முறையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. டி.வி. பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் 2020-இல் விடுதி, உணவகம் போன்ற வெளியிடங்களில் பார்ப்பவர்களையும் தேசிய எண்ணிக்கையில் சேர்த்தது. 2025 பிப்ரவரியில் அதை அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது. 2025 செப்டம்பர் முதல், தேர்ந்தெடுத்த வீடுகளின் மாதிரிக் கணக்கோடு சுமார் 4.5 கோடி வீடுகளின் செட்-டாப் பாக்ஸ், ஸ்மார்ட் டி.வி. தரவுகளையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஒவ்வொரு மாற்றமும் விளையாட்டு ஒளிபரப்புகளின் எண்ணைச் சற்று உயர்த்தியே காட்டும். எனவே ‘சென்ற ஆண்டைவிட 8 சதவீதம் உயர்வு’ என்று படித்தால், அந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில் அளவுகோல் மாறியதா என்பதை முதலில் பாருங்கள். பிறகு, அதே சேனலா, எதிரே அதே நேரத்தில் என்ன ஓடியது என்று பாருங்கள். 2020 ஃபைனல்ஸுக்கு 75 லட்சம் பேர்தான் என்று இன்றும் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். கோவிட் காரணமாக ஜூனில் நடக்கவேண்டியது அக்டோபருக்குத் தள்ளிப்போய், என்.எஃப்.எல். சீசனின் நடுவில் சிக்கிய தொடர் அது. அந்த எண்ணை வைத்துப் பொதுவாக எதையும் முடிவு செய்ய முடியாது.

கேள்வி: ஆளாளுக்கு மூன்று புள்ளி எறிதலாகவே எறிந்து தள்ளுகிறார்கள். ஆட்டம் சலித்ததால்தானே மக்கள் போனார்கள்?

பதில்: எறிதல் கூடியது நிஜம். 2010-11-இல் ஒரு அணி ஆட்டத்துக்கு சராசரியாக 18 முறை முயன்றது. 2024-25-இல் 37-ஐத் தாண்டிவிட்டது. பாஸ்டன் 48 முறை. ஒரே மாதிரி ஆட்டம் அலுக்கிறது என்று ரசிகர் சொன்னால் அதை மறுக்கமாட்டோம். ஆனால் ரேட்டிங் சரிவுக்கு அதைக் காரணமாக்க முடியாது. எண்ணிக்கை ஒரே ஆண்டில் பாதியாக விழுந்த 1998-99 சீசனில் அணிகளின் சராசரி ஸ்கோர் வெறும் 91.6. மூன்று புள்ளி எறிதல் இன்றைவிட மிகக் குறைவு, உடலோடு உடல் மோதும் தற்காப்பு ஆட்டம். இன்று சிலர் ஏங்கும் அதே பாணி ஆட்டத்தைத்தான் அன்று மக்கள் அணைத்துவிட்டுப் போனார்கள்.

கேள்வி: நட்சத்திர வீரர்கள் ஓய்வு என்று உட்கார்ந்துவிடுகிறார்களே, அதுவுமா காரணமில்லை?

பதில்: அது காரணம்தான். லீகே எழுத்தில் ஒப்புக்கொண்ட காரணம். 2023 செப்டம்பரில் வந்த பங்கேற்பு விதியைப் படித்தால், டி.வி. நிறுவனங்களின் குறை எது என்று வரிக்கு வரி தெரியும். முந்தைய மூன்று சீசன்களில் ஆல்-ஸ்டார் அல்லது ஆல்-என்.பி.ஏ. என்ற சிறந்த வீரர்கள் பட்டியலில் இடம்பெற்றவர் ‘நட்சத்திரம்’. ஒரே ஆட்டத்தில் ஒரு அணி இரண்டு நட்சத்திரங்களுக்கு ஓய்வு தரக்கூடாது. தேசிய ஒளிபரப்பு ஆட்டங்களில் நட்சத்திரங்கள் ஆடத் தயாராக இருக்கவேண்டும். மீறினால் முதல் முறை 1 லட்சம், இரண்டாம் முறை 2.5 லட்சம், மூன்றாம் முறை 12.5 லட்சம் டாலர் அபராதம். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 10 லட்சம் கூடும். எம்.வி.பி. (சீசனின் மிகச் சிறந்த வீரர்) போன்ற முக்கிய விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டம் ஆடவேண்டும் என்ற நிபந்தனையும் அதே சீசனில் நடைமுறைக்கு வந்தது. காயம் உண்மையா, ஓய்வா என்று வெளியிலிருந்து பிரிப்பது கடினம் என்பதுதான் இதன் ஓட்டை.

கேள்வி: டி.வி. வருமானம் குறைந்தால் வீரர்களின் சம்பளம் குறையுமா?

பதில்: குறையும் வழி இருக்கிறது. லீகின் கூடைப்பந்து சார்ந்த வருமானத்தில் 49 முதல் 51 சதவீதம் வீரர்களுக்கு என்பது ஒப்பந்தம். அடுத்த சீசனுக்கு எதிர்பார்க்கும் வருமானத்தில் 44.74 சதவீதத்தை எடுத்து, வீரர்களுக்கான நலத்திட்டச் செலவைக் கழித்து, 30 அணிகளால் வகுத்தால் வருவது ஒரு அணியின் சம்பள உச்சவரம்பு. வருமானம் எதிர்பார்த்த அளவுக்கு வராவிட்டால் ஈடுகட்ட, ஒவ்வொரு வீரரின் சம்பளத்திலும் 10 சதவீதம் வரை தனியே பிடித்து வைக்கிறார்கள்.

தேசிய ஒளிபரப்புப் பணம் ஆண்டுக்கு சராசரியாக 700 கோடிக்குச் சற்றுக் குறைவு. 30 அணிகளுக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு சுமார் 23 கோடி. 2025-26-இல் உச்சவரம்பு 15.46 கோடி. முதல் சில ஆண்டுகளில் வரும் தொகை சராசரியைவிடக் குறைவு, பிறகு ஆண்டுதோறும் ஏறும். அப்படியிருந்தும், ஒரு டிக்கெட் விற்பதற்கு முன்பே சம்பளச் செலவில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடுகிறது. 2036 வரை ரேட்டிங் எப்படிப் போனாலும் இந்தப் பணம் எழுதிக் கையெழுத்தான பணம்.

பணம் திடீரென்று கொட்டினாலும் சிக்கல்தான். 2014 ஒப்பந்தத்தின் பணம் வந்த 2016-இல் உச்சவரம்பு 7 கோடியிலிருந்து ஒரே தாவலில் 9.41 கோடிக்குப் போனது. அதற்கு முந்தைய சீசனில் 73 ஆட்டங்களை வென்ற கோல்டன் ஸ்டேட் அணியால் கெவின் டுராண்டையும் சேர்த்துக்கொள்ள முடிந்தது அந்த ஒரு தாவலால். அடுத்த இரண்டு கோப்பைகளும் அந்த அணிக்கே. இப்போது ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருப்பது அந்த அனுபவத்தால்தான்.

கேள்வி: அப்படியானால் ரேட்டிங் சரிவால் உண்மையில் அடி வாங்குவது யார்?

பதில்: உள்ளூர் ஒளிபரப்பு. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

ஒரு அணி ஆடும் 82 ஆட்டங்களில் தேசிய அளவில் வருவது ஒரு பகுதிதான். மீதியைத் தன் ஊர்ப் பகுதியில் காட்டும் உரிமையை அணி தனியாக ஒரு வட்டார விளையாட்டு சேனலுக்கு விற்கும். அந்த சேனலும் கேபிள் கட்டணத்தில்தான் உயிர் வாழ்கிறது. ஈ.எஸ்.பி.என். 2011 வாக்கில் 10 கோடி வீடுகளில் இருந்தது; இன்று 7 கோடிக்கும் கீழே. வட்டார சேனல்களுக்கும் அதே சரிவு. பெரிய நிறுவனம் தாங்கும், சிறியது தாங்காது. என்.பி.ஏ.வின் பாதி அணிகள் அளவுக்கு உள்ளூர் உரிமை வைத்திருந்த டைமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. அணிகளுக்கு வரவேண்டிய தொகை வெட்டப்பட்டது. 2026-27-க்கு உச்சவரம்பு 10 அல்ல, சுமார் 7 சதவீதம்தான் உயரும் என்று லீக் கணித்ததற்கும் உள்ளூர் வருமானச் சரிவே முக்கியக் காரணம்.

பணத்தைவிடக் கவலைப்படவேண்டியது ஒன்று உண்டு. கேபிள் இல்லாத வீட்டுப் பிள்ளை தன் ஊர் அணியின் ஆட்டத்தையே பார்க்க முடியாமல் வளர்கிறது. 41 இரவு உள்ளூரில், 41 இரவு வெளியூரில் ஆடும் ஒரு அணி அந்த வீட்டுக்குள் வருவதே இல்லை. பத்து வயதில் ஒட்டாத அணி முப்பது வயதில் ஒட்டுவது அபூர்வம். இந்த இழப்பு எந்த ரேட்டிங் பட்டியலிலும் இன்று தெரியாது.

இதற்கு மாற்று வழியும் கண்ணெதிரே இருக்கிறது. 2023-இல் ஃபீனிக்ஸ் சன்ஸ் வட்டார சேனலை விட்டு, ஆன்டெனா வைத்தாலே கிடைக்கும் இலவச டி.வி.க்கு மாறியது. ஆட்டம் சென்று சேரும் வீடுகள் மூன்று மடங்குக்கு மேல் ஆயின. யூட்டா ஜாஸும் அதே ஆண்டு மாறியது. நிச்சயமான கேபிள் வருமானத்தை விட்டுக்கொடுத்து, விளம்பரத்தையும் நேரடிச் சந்தாவையும் நம்பவேண்டும் என்பதால் எல்லா அணிகளுக்கும் இது எளிதல்ல.

கேள்வி: டி.வி. கைவிட்டதால் மூடிய கூடைப்பந்து லீக் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. 1967-இல் தொடங்கிய ஏ.பி.ஏ. லீக். சிவப்பு-வெள்ளை-நீலப் பந்து, மூன்று புள்ளிக் கோடு, நட்சத்திர வீரர் ஜூலியஸ் எர்விங் என்று எல்லாம் இருந்தும் நிலையான தேசிய டி.வி. ஒப்பந்தம் அமையவில்லை. 1976-இல் நெட்ஸ், நகட்ஸ், பேஸர்ஸ், ஸ்பர்ஸ் என்ற நான்கு அணிகள் ஆளுக்கு 32 லட்சம் டாலர் கட்டி என்.பி.ஏ.வில் சேர்ந்தன, லீக் முடிந்தது.

விடப்பட்ட அணிகளில் கென்டக்கி உரிமையாளர் சுமார் 30 லட்சம் டாலரை ரொக்கமாக வாங்கிக்கொண்டு விலகினார். செயின்ட் லூயிஸ் அணியின் சில்னா சகோதரர்களோ, சேர்ந்த நான்கு அணிகளின் டி.வி. வருமானத்தில் ஒவ்வொன்றிலும் ஏழில் ஒரு பங்கை நிரந்தரமாகக் கேட்டு வாங்கினார்கள். அன்று அது பெரிய தொகை அல்ல. 2014-க்குள் அவர்கள் பெற்றது சுமார் 30 கோடி. அந்த ஷரத்திலிருந்து பெருமளவு விடுபட லீக் மேலும் 50 கோடி தரவேண்டியிருந்தது.

அன்று என்.பி.ஏ.வின் நிலையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1980 மே 16 அன்று, இருபது வயது மேஜிக் ஜான்சன் 42 புள்ளி எடுத்து லேக்கர்ஸுக்குக் கோப்பை வாங்கித்தந்த ஆட்டத்தை சி.பி.எஸ். சேனல் பெரும்பாலான ஊர்களில் இரவு 11.30-க்குப் பதிவாகத்தான் காட்டியது.

கேள்வி: அரங்குகள் நிரம்பி வழியும்போது டி.வி.யைப் பற்றி ஏன் கவலை?

பதில்: 2023-24-இல் 1,230 ஆட்டங்களுக்கு 2.25 கோடிப் பேர் வந்தார்கள். இருக்கைகளில் 98 சதவீதம் நிரம்பியது. இதற்குமேல் நிரப்ப இடமில்லை. டிக்கெட் விலையை மட்டும் ஏற்றலாம், ஏற்றினால் சாதாரண ரசிகர் வெளியே நிற்பார். வளர்ச்சி முழுவதும் திரையில்தான். அணிகளை வாங்குபவர்களும் அதை வைத்தே விலை பேசுகிறார்கள்: 2002-இல் 36 கோடிக்குக் கைமாறிய பாஸ்டன் செல்டிக்ஸ், 2025-இல் 610 கோடிக்கு விலைபோனது. அதே ஆண்டு லேக்கர்ஸை 1,000 கோடி மதிப்பில் விற்க ஒப்பந்தமானது.

கேள்வி: பெண்கள் லீகில் ரேட்டிங் ஏறுகிறதே, அங்கேயும் ரேட்டிங் முக்கியமில்லையா?

பதில்: அங்கே மிக மிக முக்கியம். பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வுக்கு ரேட்டிங்தான் நுழைவுச்சீட்டு. 2024-இல் கல்லூரிப் பெண்கள் இறுதி ஆட்டத்தை 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதிக்கு 1.48 கோடி. அதில் ஆடிய கெய்ட்லின் கிளார்க் அதே மாதம் இந்தியானா ஃபீவர் அணிக்கு வந்தார். அவ்வாண்டு கையெழுத்தான ஒப்பந்தத்தில் பெண்கள் லீகுக்கு ஆண்டுக்கு சுமார் 20 கோடி ஒதுக்கினார்கள். புது அணி தொடங்க கோல்டன் ஸ்டேட் கட்டியது 5 கோடி. 2025-இல் கிளீவ்லாந்து, டெட்ராய்ட், ஃபிலடெல்ஃபியா ஆளுக்கு 25 கோடிக்கு ஒப்புக்கொண்டன. வளரும் லீகுக்கு ரேட்டிங் உடனடியாகப் பணமாகிறது. நிலைபெற்ற லீகுக்கு அது மெதுவாகத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும்.

கேள்வி: புது ஒப்பந்தத்துக்குப் பிறகு பார்வையாளர்கள் கூடியதாகச் செய்தி வந்தால் மகிழலாமா?

பதில்: கூட்டம் பார்ப்பது நல்லதே, மகிழுங்கள். ஆனால் ஆட்டத்தின் மவுசு கூடிவிட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். பழைய ஒப்பந்தத்தில் வழக்கமான சீசன் ஆட்டங்களில் குறைந்தபட்சம் 15-தான் இலவச டி.வி.க்கு என்று இருந்தது. புதியதில் ஆண்டுக்கு 75. கேபிளில் ஓடியதை எல்லா வீட்டுக்கும் வரும் சேனலில் காட்டினால் எண் தானாகவே ஏறும். நீல்சனின் அளவு முறையும் 2025 செப்டம்பரில் மாறிவிட்டது.

ஓரளவு நேராக ஒப்பிட ஃபைனல்ஸ் உதவும். புது ஒப்பந்தம் முழுவதும் அது டிஸ்னியின் ஏ.பி.சி. சேனலில்தான், நடப்பதும் ஜூனில்தான். 2025 வரையிலான எண்களை ஒரு வரிசையாகவும், 2026 முதல் வருபவற்றை இன்னொரு வரிசையாகவும் எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் தொடர் எத்தனை ஆட்டம் போனது என்று குறியுங்கள். நான்கில் முடிந்த தொடரை ஏழு வரை போன தொடரோடு ஒப்பிடும்போது முதல் நான்கு ஆட்டங்களின் சராசரியை மட்டும் எடுங்கள். ஏழாவது ஆட்டம் ஒன்றே மொத்தச் சராசரியைத் தூக்கிவிடும்.